மாரடைப்பு மருந்தும் மரணக் கணக்கும்

சென்ற பங்குனி மாதத்தில் ஈரோடு ஜில்லாவிலுள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தணிக்கைக்காக அமர்ந்திருந்தோம். கூலிப் பட்டுவாடாப் புத்தகத்தில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே ஆவணி முதல் கார்த்திகை வரை ஒன்றும் எழுதப்படாமல் இருந்தது. காரணம் வினவினோம். அவருக்கு மாரடைப்பு வந்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, பிறகு வீட்டில் ஓய்வாக இருந்தார் என்று காரியதரிசி சொன்னார். அன்று மாலையே அந்த அன்பர் நெய்த சேலைகளைக் கொடுக்க வந்துவிட்டார். ஐம்பது வயதைச் சற்றுக் கடந்தவர். உடல்நலம் விசாரித்துவிட்டு, மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டு வருகிறாரா என்று கேட்டோம்.

"அதெல்லாம் தை மாசத்தோட நிறுத்திப் போட்டேனுங்க. நெஞ்சு வலி இல்லீங்க, மூச்சு வாங்கறதும் இல்லீங்க. நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குங்க மாத்திரை?" என்றார்.

நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. நாம் மருத்துவர் அல்லர். பற்று வரவு பார்ப்பவர். ஆயினும் அவர் கேட்ட கேள்வி மிக நியாயமானது. தலைவலி மாத்திரை வேலை செய்கிறது என்பதைத் தலையே சொல்லிவிடுகிறது. வலியே இல்லாதவனுக்குக் கொடுக்கும் மருந்து பயன்படுகிறது என்பதை யார் சொல்வது? அதற்குச் சாட்சி எது? இந்த விஷயத்தைப் பற்றிப் படித்துப் பார்த்தபோது, பெரிய மருத்துவ நிபுணர்களே இதே கேள்வியில் இடறி விழுந்திருக்கிறார்கள் என்பதும், எழுந்தபின் அவர்கள் கைக்கொண்ட வழி நம்முடைய தணிக்கை வேலைக்கு மிக நெருங்கியது என்பதும் விளங்கின. அதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

மாரடைப்பிலிருந்து தப்பியவர்களின் இருதயம் சில வேளைகளில் தாளம் தவறி அதிகப்படியாகத் துடிப்பதுண்டு. அவ்வாறு துடிப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறக்கிறார்கள் என்பதை மருத்துவர்கள் முன்னமே கண்டிருந்தனர். ஆகவே அந்த அதிகப்படித் துடிப்பை அடக்கிவிட்டால் மரணத்தையும் தடுக்கலாம் என்று கருதினார்கள். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அத்துடிப்பை அடக்கும் வல்லமை பெற்ற என்கைனைடு, பிளெகைனைடு என்னும் இரண்டு மருந்துகள் 1980-களில் அமெரிக்காவில் அரசாங்க அனுமதியோடு விற்பனைக்கு வந்தன. மருந்து கொடுத்தபின் ஈ.சி.ஜி. படம் எடுத்தால் கோணல்மாணலாக இருந்த கோடு ஒழுங்காகிவிடும். மருத்துவருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி.

அமெரிக்கத் தேசிய இருதய, நுரையீரல், இரத்த ஆராய்ச்சி நிலையம் 1987-ம் ஆண்டில் ஒரு பரீட்சை தொடங்கியது. மருந்தினால் துடிப்பு அடங்குகிறது என்று முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளையே இதில் சேர்த்தனர். பிறகு சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மை மருந்தும் மற்றதற்குத் தோற்றத்தில் அதையே ஒத்த வெறும் மாத்திரையும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

விவசாய அங்கத்தினர்களுக்கு இம்முறை புதிதன்று. புது விதையைச் சோதிக்கும்போது அதை வாய்க்காலோரத்து நல்ல மண்ணிலும், பழைய விதையை மேட்டிலும் விதைத்துவிட்டு விளைச்சலை ஒப்பிட்டால் அது சோதனையாகாது. ஒரே வயலைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டு முறையில் முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் ரொனால்டு பிஷர் என்னும் கணித நிபுணர் வகுத்த முறை அது. மருத்துவர்கள் அதைப் பின்னரே எடுத்துக்கொண்டார்கள். நோயாளியின் உயிரைக் காக்கும் கணக்கு உழவனின் வயலிலிருந்து போயிற்று என்பதில் நமக்குச் சற்றுப் பெருமைகூட உண்டு.

அமெரிக்கப் பரீட்சையின் முடிவு என்ன? சராசரி பத்து மாதங்களுக்குள், வெறும் மாத்திரை உட்கொண்ட 743 பேரில் 26 பேர் இறந்தனர். இவ்விரு மருந்துகளையும் உட்கொண்ட 755 பேரிலோ இறந்தவர்கள் 63 பேர். துடிப்பை அடக்கிய மருந்தே ஆளையும் கொன்றுகொண்டிருந்தது. 1989-ம் ஆண்டு ஏப்ரலில் அம்மருந்துகளை அவசரமாக நிறுத்தினார்கள். (பிளெகைனைடு வேறு வகையான சில நோயாளிகளுக்கு இன்றும் பயன்படுகிறது, மாரடைப்பினால் சேதமுற்ற இருதயத்துக்கு அது ஆகாது.) ஒவ்வொரு மருத்துவரும் தம் நோயாளியின் படம் சீரானதைக் கண்டு மகிழ்ந்தாரேயன்றி, தம்மிடம் வந்து இறந்த ஓரிருவர் மருந்தினால் இறந்தனரா, நோயினால் இறந்தனரா என்று அறிய அவருக்கு வழியில்லை. நூற்றுக்கணக்கான பேரை இருபுறமும் நிறுத்தித் தலை எண்ணியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பெட்டியில் பணம் இருப்பதைப் பார்த்தே சங்கம் லாபத்தில் நடக்கிறது என்று எழுதிவிடும் நிர்வாகிகளை நாம் கண்டிருக்கிறோம்; ஆகவே இக்கதை நமக்கு வியப்பளிக்கவில்லை, அச்சத்தையே அளித்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. மாரடைப்பு எவ்வாறு வருகிறது? இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாயின் உட்புறத்தில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து கட்டியாகி வழியை அடைத்துவிடுகிறது. அந்த உறைதலை மட்டுப்படுத்தும் குணம் சாதாரண ஆஸ்பிரின் மாத்திரைக்கு உண்டு. விலையோ அற்பம். அந்த அற்ப மாத்திரை மாரடைப்பில் உயிர் காக்குமா என்று 417 ஆஸ்பத்திரிகளில் 17,187 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். 1988-ம் ஆண்டில் வெளியான அதன் கணக்கு இது: ஐந்து வாரங்களுக்குள், ஆஸ்பிரின் பெறாதவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர் இருதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தனர், பெற்றவர்களில் ஒன்பது பேருக்குச் சற்று மேல். உறைந்த கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ஊசி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது எட்டாகக் குறைந்தது. இரண்டும் கொடுக்கப்படாதவர்களில் அது 13-க்கு மேல்.

இந்தப் பரீட்சையில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. எந்த வயதினருக்கு எவ்வளவு, எந்த வகையினருக்கு எவ்வளவு என்று நோயாளிகளைச் சிறு சிறு கூறாகப் பிரித்து முடிவு சொல்லுமாறு கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் வற்புறுத்தினர். அவ்வாறு பொடிப்பொடியாகப் பிரித்தால் எண்ணிக்கை பொய் சொல்லும் என்பதைக் காட்ட, ஆராய்ச்சியாளர்கள் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள்! மேனாட்டு முறைப்படி மிதுனம், துலாம் ஆகிய ராசிகளில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் உதவவில்லை என்று கணக்கு வந்தது. ஜாதகத்தில் நம்பிக்கையுள்ள அன்பர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆராய்ச்சியாளர்கள் செய்தது பரிகாசம்.

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் உழவர்களுக்கு உறவு. ஜப்பானில் அகிதா மாகாணத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்த அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களை வளர்த்துப் பார்த்து, 1973-ம் ஆண்டில், தானியத்தில் படரும் நீலப் பச்சைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து இவ்வகையின் முதல் மருந்தைப் பிரித்தார். ஆனால் கொழுப்பு குறைகிறது என்பது மட்டும் போதாது. துடிப்பு அடங்கியது போதாமற் போனதை மேலே கண்டோம். மரணம் குறைந்ததா என்பதே கேள்வி. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இருதய நோயாளிகள் 4,444 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் சோதித்து 1994-ல் விடை சொன்னார்கள். வெறும் மாத்திரை பெற்ற 2,223 பேரில் 256 பேர் இறந்தனர். ஸ்டாட்டின் பெற்ற 2,221 பேரில் 182 பேர். நூறு பேர் ஐந்தாண்டுகள் விடாமல் உட்கொண்டால் ஏறத்தாழ மூன்று உயிர் மிச்சம். அந்த மூவர் யார் என்பதை அவர்களும் அறியார், மருத்துவரும் அறியார். மருந்து உட்கொள்பவருக்கு உடலில் ஒரு மாறுதலும் தெரிவதில்லை. நம் நெசவாளர் அன்பர் கேட்டதற்கு விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இருதயம் பலவீனமுற்றுக் கால் வீங்கி மூச்சுத் திணறும் நோயாளிகளின் விஷயத்தில் உணர்ச்சியும் கணக்கும் இன்னும் விந்தையாகப் பிரிகின்றன. 1785-ம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் எழுதி நிலைநாட்டிய டிஜிட்டாலிஸ் என்னும் செடி மருந்து இருநூறு ஆண்டுகளாகப் புகழ் பெற்றது. அதன் சத்தான டிகாக்சினை 6,800 பேரிடம் சோதித்து 1997-ல் வெளியிட்டபோது, ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது. இறப்போ இரு பிரிவிலும் ஏறக்குறைய நூற்றுக்கு 35 என்று ஒன்றாகவே நின்றது. மறுபுறம், இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் பலவீன இருதயத்துக்கு விஷம் என்று பாடநூல்கள் எச்சரித்து வந்தன. உண்மையில் தொடக்கத்தில் சில நோயாளிகளுக்குச் சோர்வு கூடுவதும் உண்டு. சுவீடன் நாட்டு மருத்துவர்கள் சிலர் 1970-களில் துணிந்து சிற்றளவில் கொடுத்துப் பார்த்தனர். 1999-ல் வெளியான ஒரு பெரும் பரீட்சையில் வெறும் மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 17 பேரும், பிஸோபிரோலால் என்ற பீட்டா பிளாக்கர் பெற்றவர்களில் 12 பேரும் இறந்தனர். நலம் தோன்றச் செய்த மருந்து ஆயுளை நீட்டவில்லை. முதலில் சோர்வு தந்த மருந்து நீட்டிற்று.

எழுதிய கணக்கைத் திருத்தவே கூடாது என்பதும் இல்லை. மாரடைப்பு வந்தும் இருதயத்தின் வலிமை குறையாதவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் தேவையா என்று 5,020 பேரிடம், பெரும்பாலும் சுவீடனில், மீண்டும் பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். கொடுத்தவர்களில் நூற்றுக்கு 7.9 பேர் இறந்தனர் அல்லது மறுபடி மாரடைப்புக்கு ஆளாயினர், கொடுக்காதவர்களில் 8.3 பேர். பேதம் என்று சொல்வதற்கில்லை. மருத்துவர் ஒரு மருந்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் அதற்கு இப்படியொரு பேரேடு பின்னால் இருக்கக்கூடும்.

அவ்வாறே, அண்ணனுக்கு நல்லதென்று தம்பியும் அதே மாத்திரையை விழுங்குவது கூடாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருதய நோய் வராத முதியோர் 19,114 பேரிடம் ஆஸ்பிரினைச் சோதித்து 2018-ல் கணக்குக் காட்டினார்கள். இருதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. கடும் இரத்தப்போக்கு மட்டும் 265 பேருக்குப் பதிலாக 361 பேருக்கு நேர்ந்தது. மாரடைப்பு வந்தவருக்குக் கவசமாவது வராதவருக்கு இரத்தக் காயமாகிறது. சந்தைக்குப் போகும் வழியில் மாத்திரை பரிமாறிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் உண்டாகையால் இதை எழுதினோம்.

நம் நாட்டின் குறையோ வேறு. உலகின் 17 நாடுகளில் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து தப்பியவர்களை வீடு வீடாக விசாரித்த ஆராய்ச்சி ஒன்று 2011-ல் வெளியாயிற்று. இந்தியாவையும் உள்ளிட்ட ஏழை நாடுகளில் நூற்றுக்கு 80 பேர் மேற்கூறிய மருந்துகளில் ஒன்றைக்கூட உட்கொள்ளவில்லை. செல்வ நாடுகளில் அவ்வாறிருந்தவர்கள் 11 பேர். இத்தனை பரீட்சைகளின் பலன் நம் வீட்டு வாசல் வரை வந்து நின்றுவிட்டது.

காரணம் அறியாமை மட்டுமே என்று சொல்ல நாம் துணியோம். அன்று அந்த அன்பருடன் பேசியபோது, மருந்து வாங்கத் தாலூகா ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் தறி நிற்கிறது, பாவு காத்துக்கிடக்கிறது, மாலையில் கூலி இல்லை என்றார். மாத்திரை இலவசமே; நாள் இலவசமன்று. தமிழ்நாட்டில் 2021 முதல் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் நடைபெறுவதை அவர் அறிவார். அந்தப் பணிப்பெண்ணிடம் தம் இருதய மருந்தைப் பற்றிக் கேட்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அவரைப் பற்றி நம்மை உண்மையில் கலங்கச் செய்தது ஸ்டென்ட். அது மெல்லிய உலோக வலைக்குழல். அதன்மேல் குழாயின் உட்தோல் வளர்ந்து மூடும் வரை இரத்தம் அந்த உலோகத்தைத் தொட்டு உறையக்கூடும்; உறைந்தால் மறுபடியும் மாரடைப்பு, அதுவும் திடீரென்று. அதற்காகவே ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இரண்டாவது மருந்தொன்றையும் மாரடைப்புக்குப்பின் பெரும்பாலும் ஓராண்டு வரை கொடுக்கிறார்கள். இவர் ஐந்தாம் மாதத்தில், எவரையும் கேளாமல், இரண்டையும் நிறுத்தியிருந்தார். வலியில்லாத அந்த இரண்டு மாதங்களும் நலத்துக்கு அத்தாட்சியல்ல என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அமெரிக்கப் பரீட்சையின் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்போ என் நெஞ்சு சொல்றது பொய்யுங்களா?" என்றார். பொய்யல்ல, அதற்கு முழுக் கணக்கும் தெரியாது என்றோம். மறுநாள் காலையில் காரியதரிசியே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். அன்றைக்கு வரவேண்டிய சேலைக்குச் சங்கம் இரண்டு நாள் தவணை கொடுத்தது.

புரட்டாசியில் மறுபடியும் அச்சங்கத்துக்குச் சென்றோம். பட்டுவாடாப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே இடைவெளியில்லை. ஓராண்டு நிறைந்துவிட்டதால் குளோபிடோகிரெலை மருத்துவர் நிறுத்தியிருந்தார்; ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் தொடர்கின்றன. சீட்டைப் பிரித்து, அடித்திருந்த வரியை விரலால் காட்டி, "இது நான் அடிச்சதில்லீங்க, டாக்டர் அடிச்சது" என்றார்.