டெல்லிக் குளிரில் மணக்கும் பூக்கள்: உங்களுக்குத் தெரியுமா?

டெல்லிக் குளிரில் மல்லிகை பூக்காது. ஜனவரியில் இலை பழுத்து நிற்கும் செடியைப் பார்த்து உரம் போதவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். வெயில் ஏறியதும் தானாகத் துளிர்க்கும். அதுவரை பால்கனியில் வாசம் வேண்டுமா? ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, முடிந்துவிடும் செடிகளை நம்பலாம்.

* ஸ்வீட் பீயின் சொந்த ஊர் இத்தாலியின் சிசிலித் தீவு. பிரான்செஸ்கோ குபானி என்ற துறவி 1699-ல் இதன் விதையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவர் பெயரிலேயே உள்ள பழைய ரகத்தில் பூ சிறிசுதான், ஆனால் வாசம் தூக்கலாக இருக்கும். பூவின் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். பெரிய பூ ரகங்கள் பலவற்றில் மணம் குறைவு.

* ஸ்வீட் பீ விதையின் தோல் கெட்டியானது. இரவு ஊறவைத்து, அக்டோபரில் தொட்டியிலேயே நேரடியாக ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் வேருக்கு ஆகாது. நான்கைந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். பற்றிக்கொள்ளக் குச்சியோ வலையோ போதும். பிப்ரவரியில் பூக்கத் தொடங்கியதும் தவறாமல் பறித்துவிடுங்கள். காய் பிடிக்க விட்டால் செடி பூப்பதை நிறுத்திவிடும்.

* ஸ்டாக் பூவில் கிராம்பு வாசம் வீசும். அடுக்குப் பூ கொத்துக் கொத்தாக அழகாக இருக்கும், ஆனால் விதை வைக்காது. விதை தருவது ஒற்றைப் பூச்செடிதான். அதன் விதையில் முளைப்பவற்றில் ஏறக்குறைய பாதி மறுபடி அடுக்காகப் பூக்கும். ஒற்றைச் செடியை வீண் என்று பிடுங்கிவிடாதீர்கள்!

* அலிசத்துக்குத் தேன் மணம். தொட்டி ஓரத்தில் தூவினாலே படர்ந்துவிடும்.

* குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யானிலும் ஸ்டாக்கும் அலிசமும் உண்டு. 2023 ஜனவரி வரை அதன் பெயர் முகல் கார்டன். பிப்ரவரி, மார்ச்சில் மக்களை அனுமதிக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அங்கே போய்ப் பார்த்துவிடலாம்.

* வெயில் கடுத்து ஸ்வீட் பீ காய்ந்ததும் தண்டை மட்டும் வெட்டுங்கள். பயறு இனம் என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்து இருக்கும். வேர் மண்ணிலேயே மட்கட்டும். அடுத்து அதே தொட்டியில் கீரை போடலாம்.

* எச்சரிக்கை: ஸ்வீட் பீயின் காய் பட்டாணி போலவே இருக்கும், ஆனால் அதன் விதை நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் காயை முற்றவிடாமல் கிள்ளி எறியுங்கள்.