வேலைப் பயிற்சிக்கான நிதி: யார் கொடுக்கிறார், யார் கேட்கலாம்?

“சார், வேலை போயிட்டா அரசாங்கம் காசு கொடுக்கும்தானே?” வகுப்பில் இக்கேள்வி எழுந்தால், “ஆமாம்” என்று சொல்லிவிட்டு நகர முடியாது. மலேசியாவில் தொழிற்பயிற்சிக்கும் வேலை தேடுவோருக்கும் உதவும் நிதி மூன்று வழிகளில் வருகிறது. பணம் யாருடையது என்று தெரிந்தால்தான், அதை யார் கேட்கலாம் என்பது புரியும்.

1. அரசாங்க நிதி

ஜொகூரில் பத்து பகாட், பாசிர் கூடாங் ஆகிய இடங்களில் மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. எஸ்.பி.எம். முடித்தவர்கள் அங்கே திறன் பயிற்சி பெறலாம். அங்கீகாரம் பெற்ற மையங்களில் எஸ்.கே.எம். சான்றிதழுக்குப் படிப்போர் பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆனால், அது கொடுப்பது கடன். இலவசம்னு நினைச்சு கையெழுத்துப் போட்டுடக் கூடாது. பிறகு திருப்பிக் கட்டணும்.

2. முதலாளி கட்டும் லெவி

10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்பிடம் செலுத்த வேண்டும். 1993இல் தொடங்கிய இந்நிதி, வேலையில் இருப்பவர்களின் பயிற்சிக்கு உரியது. பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. இந்த லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

3. வேலைக் காப்புறுதித் திட்டம்

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2018 ஜனவரி முதல் சொக்சோ இதை நடத்துகிறது. முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு சந்தா கட்டுகிறார்கள். 2,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு மாதம் சுமார் 4 ரிங்கிட்தான் பிடிப்பார்கள்.

ஆட்குறைப்பில் வேலை இழந்தால், கட்டிய சந்தாவைப் பொறுத்து 3 முதல் 6 மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். திட்டம் தொடங்கியபோது வகுத்த விகிதம்: முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதங்கள் 40, கடைசி இரண்டு மாதங்கள் 30. அதன்படி 2,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு 1,600, 1,000, 800, 800, 600, 600 என மொத்தம் 5,400 ரிங்கிட் வரும்.

இரண்டு விஷயங்களைப் பெற்றோருக்கும் சொல்லி வையுங்கள். விண்ணப்பத்தை வேலை இழந்த 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. ஆட்குறைப்புச் சமயத்தில் “ராஜினாமா கடிதம் எழுதிக் கொடு” என்று யாராவது கேட்டால், யோசிக்காம எழுதிடக் கூடாது.

ஜொகூரின் தனிச்சிக்கல்

விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் நம் மாணவர்களில் பலருக்கு உண்டு. அவர்களின் முதலாளி சிங்கப்பூரில் இருப்பதால், அந்த வேலைக்கு இங்கே காப்புறுதிச் சந்தா கட்டப்படுவதில்லை. அங்குள்ள ஸ்கில்ஸ்பியூச்சர் பயிற்சித் தொகையோ 25 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான். கூடுதல் சம்பளம் வாங்கினாலும், வேலை போனால் இரு பக்கமும் பிடிமானம் இல்லை. சொக்சோவின் மைபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்து வேலை தேட மட்டும் தடையில்லை.

பயிற்சி வினா

“வேலை இழந்தோருக்கான உதவியை அரசாங்கத்தின் இலவசம் எனலாமா? விளக்குக.”

குறிப்பு: கடன், லெவி, சந்தா மூன்றையும் வேறுபடுத்துக. ஒவ்வொன்றிலும் செலுத்துபவர், பயனடைபவர், விடுபடுபவர் யார் என எழுதுக. ஜொகூர்ச் சூழலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.