புலன்கள் தடுமாறும்போதே கவனியுங்கள்

“விளக்கு கண்ணைக் கூசுகிறது, சின்னச் சத்தமும் காதைப் பிளக்கிறது, கண்ணாடியில் என் முகம் வேறு யாருடையதோ போல் தெரிகிறது” என்று வயது வந்த பிள்ளை சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? “படிக்க மனமில்லை, சாக்குச் சொல்கிறான்” என்று அதட்டுகிறோம். இல்லையென்றால், காற்றுக் கருப்பு என்று தாயத்துக் கட்டுகிறோம்.

பெற்றோர்களே, மனச்சிதைவு நோய் பெரும்பாலும் ஒரே இரவில் வருவதில்லை. இல்லாத குரல் கேட்பதற்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ முன்பே சிலருக்குப் புலன்கள் தடுமாறுகின்றன. எதிரில் இருப்பவரின் முகம் உருமாறித் தெரியும். பொருள்கள் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றும். பக்கத்துப் பேச்சு தூரத்தில் கேட்கும். ஜெர்மனிய மருத்துவர் கெர்ட் ஹூபர் இவற்றை ‘அடிப்படை அறிகுறிகள்’ என்றார்.

இந்தக் கட்டத்தில், “எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது” என்று பிள்ளைக்கே தெரியும். நோய் முற்றினால் அந்தத் தெளிவு மங்கிவிடும். ஆகவே, அவன் சொல்லும்போதே காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஜெர்மனியில் மனநல சிகிச்சைக்கு வந்த 160 பேரை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கவனித்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். புலன், சிந்தனைத் தடுமாற்றங்கள் இருந்த 110 பேரில் 77 பேருக்குப் பின்னர் மனச்சிதைவு வந்தது. அவை இல்லாத 50 பேரில் இருவருக்கே வந்தது.

அதற்காக அஞ்ச வேண்டாம். இவர்கள் ஏற்கெனவே சிகிச்சை தேடி வந்தவர்கள். ஊரில் உள்ள எல்லாருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. தூக்கமின்மை, ஒற்றைத் தலைவலி, வலிப்பு, கஞ்சா, ஷாபு ஆகியவற்றாலும் இப்படி நேரலாம். எது காரணம் என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

தடுமாற்றம் வாரக்கணக்கில் நீடித்து, பிள்ளை நண்பர்களை ஒதுக்கி, இரவில் விழித்து, படிப்பிலோ வேலையிலோ பின்தங்கினால் தாமதிக்காதீர்கள். வாதாடாமல், கேலி செய்யாமல், முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வதாகச் சொன்னால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரை நம்மவர்கள் ஏச்சாகவே பயன்படுத்திவிட்டார்கள். அந்த வெட்கத்தில் ஒளித்து வைத்த பிள்ளைகள் எத்தனையோ! சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் 2001 முதல் தொடக்கநிலை நோயாளிகளுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. சீக்கிரம் சிகிச்சை பெற்றவர்கள் தேறும் வாய்ப்பு அதிகம்.

கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. சாமி கும்பிட்ட கையோடு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.