மேலூர்ச் சீமையின் கண்மாய்கள்

மனிதன் பிரகிருதியிடமிருந்து எடுத்துக்கொள்ளவே அறிந்தவன், அதற்கு அவன் அளித்தது ஒன்றுமில்லை என்ற அபிப்பிராயம் கற்றவர்களிடையே இன்று வேரூன்றியிருக்கிறது. காடுகள் அழிந்ததையும் ஆறுகள் மாசுபட்டதையும் கண்ணாரக் காண்கிறவர்கள் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், மதுரைக்கு வடகிழக்கே மேலூரைச் சூழ்ந்த கிராமங்களை மார்கழி மாதத்தில் சுற்றிப் பார்க்கிற எவரும் அந்த அபிப்பிராயத்தைச் சிறிதேனும் திருத்திக்கொள்வர். ஏனெனில், அங்கே நாரையும் கொக்கும் நீர்க்காகமும் இரை தேடுகிற நீர்நிலைகளில் மிகப் பெரும்பாலானவை தாமாக அமைந்தவை அல்ல, உழவர்கள் தலைச்சுமையாய் மண் சுமந்து கட்டியவை.

பாறைக்குன்றுகள் ஆங்காங்கே எழுந்து நிற்கும் இச்சமவெளியில் வடகிழக்குப் பருவமழை சில வாரங்களுக்குள் பெய்து ஓய்ந்துவிடும். பெய்த நீர் சரிவைப் பற்றிக் கீழ்த்திசைக் கடலை நோக்கி ஓடிவிடும். அந்த ஓட்டத்தின் குறுக்கே பிறைவடிவில் ஒரு கரையை எழுப்பி, மிஞ்சிய நீர் கலிங்கின் வழியே வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும்படி அமைத்து, இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலித் தொடர்போல் கண்மாய்களைப் பிணைத்துச் சென்றவர்கள் முன்னோர். தமிழ்நாடு முழுவதிலும் இத்தகைய ஏரிகள் சுமார் 39,000 உள்ளன. 1895-இல் பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய ஆற்றின் நீர் மலையைக் குடைந்து திருப்பப்பெற்று மேலூர் வயல்கள் வரை வந்து சேர்ந்தபோதும், பழைய கண்மாய்கள் பலவற்றின் பயன் குன்றிவிடவில்லை. அவையும் அந்நீரை வாங்கித் தேக்கின.

கண்மாய்க்குள் இறங்கி, நீரை வயலுக்குத் திறந்துவிடும் குமிழித் தூம்பு ஒன்றை அருகே நின்று பார்க்கவேண்டும். கரைக்குச் சற்று உட்புறமாக இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைத்துக் குறுக்கே கற்பலகைகள். அவற்றின் கீழே, தரைமட்டத்துத் தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளையும் அடிப்பக்கத்தில் சிறு துளைகளும் இருக்கும். மேலே உள்ளது நீரோடித் துளை. கீழே உள்ளவை சேறோடித் துளைகள். நீரில் மூழ்கிச் சென்று ஒருவன் அடைப்பை நீக்கியதும், தெளிந்த நீரோடு கண்மாயின் அடியில் படிந்த வண்டலும் சேர்ந்து வயலுக்குப் போய்விடும். கண்மாயும் தூர்ந்துபோகாது, பயிருக்கும் எருவாயிற்று. எஞ்சிய வண்டலைக் கோடையில் வண்டி வண்டியாக அள்ளிச் செல்வர். இத்தனை நுட்பத்தைச் சிந்தித்தவர்களின் பெயர் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

நெல்லுக்காகக் கட்டிய கரையில் நெல்லோடு சம்பந்தமில்லாத ஜீவராசிகளும் குடியேறின. கரைக்குக் காவலாக வளர்த்த பனைகளின் ஓலையில் உழவாரன்கள் கூடு கட்டின. நீர்ப்பிடிப்பில் நின்ற நாட்டுக் கருவேலங்களில் நாரைகள் குஞ்சு பொரித்தன. மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டியின் இரு கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் 1977-இல் பறவைகள் சரணாலயமாயின என்றாலும், சட்டம் வருவதற்கு முன்பே அவ்வூரார் பறவைகளைத் தம் விருந்தினராகக் கருதினர். கூட்டிலுள்ள குஞ்சுகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வனத்துறையினர் இனிப்பு வழங்குவதுண்டு. பண்டிகை நாளில் ஒரு குழந்தை தன் மத்தாப்பு ஆசையை விட்டுக்கொடுப்பதைக் காட்டிலும் பெரிய உபகாரம் ஒன்றைப் பறவைக்கு யாரும் செய்துவிட முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலில் பாய்ந்து அந்த உபகாரத்துக்குக் கைம்மாறு செய்கிறது.

மனிதன் கட்டிய நீர்நிலைகளும் ஜீவராசிகளைக் காக்கும் என்பதை உலகமும் அங்கீகரித்திருக்கிறது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்ட வேடந்தாங்கல், கூந்தன்குளம், வடுவூர் ஆகியவை பாசனத்துக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளே. அதே ஆண்டு நவம்பரில், மேலூரை அடுத்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், எழுபதுக்கும் மேற்பட்ட நீர்நிலைகள், சுனைகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, லகர் வல்லூறு இவற்றோடு, சமண முனிவர் தங்கிய குகையும் தமிழ்ப் பிராமி எழுத்தும் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் அங்கே உள்ளன. வல்லூறையும் கல்வெட்டையும் ஒரே எல்லைக்குள் வைத்துக் காக்கிற இந்த முறையே சரியான முறை. 2024 நவம்பரில் இப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, அதை எதிர்த்து மறு ஜனவரியில் மேலூர் மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு நடந்தார்கள். அம்மாதமே ஏலம் ரத்தாயிற்று.

காட்டை மனிதன் விட்டு விலகினால் அது தானே தழைக்கும். கண்மாயோ, கவனிப்பார் இல்லாவிட்டால் மாண்டுபோகும். கரை கரையும்; மடை தூரும்; சீமைக் கருவேலம் உள்ளே புகுந்து நீர்ப்பரப்பை விழுங்கும். ஆண்டுதோறும் ஊர்கூடிச் செய்துவந்த குடிமராமத்து என்ற ஏற்பாடு நலிந்த பிறகு நேர்ந்தது இதுவே. 2017-இல் அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பணம் ஒதுக்கியது நல்லதுதான். ஆனால் மதகில் நீர் கசிகிறதா, கரையில் எலிவளை விழுந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்துவந்தவர் நீர்பாய்ச்சி என்னும் ஊர் ஊழியர். அவருக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுத்த பரம்பரை வழக்கத்தையும் ஊர்கள் மீட்டுக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் வெட்டிச் சீர்செய்யவேண்டிய வரத்துக்கால்கள் இச்சீமையில் இன்னும் பல உள்ளன.