சைக்கிளுக்கு மோட்டார்: சுமையைக் கணக்கிட்டு பேட்டரியை வாங்குங்கள்

பால் கேனைக் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் சொசைட்டிக்கு மிதிப்பவர்கள், கீரைக்கட்டுடன் இருட்டோடு உழவர் சந்தைக்குக் கிளம்புகிறவர்கள், புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியே வீடு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, 'இருக்கிற சைக்கிளிலேயே மோட்டார் மாட்டிவிடலாமா?' என்பதுதான். தாராளமாக மாட்டலாம். ஆனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டும் கிட் பெரும்பாலும் நகரத்துச் சாலையில் ஓர் ஆளை மட்டும் ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் 40 லிட்டர் பாலை ஏற்றினால் மோட்டார் சூடாகும், பேட்டரி பாதி வழியில் படுத்துவிடும், பிரேக் பிடிக்காது. எனவே கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள்.

எடை எவ்வளவு, தூரம் எவ்வளவு?

ஒரு பால்காரரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆள் 60 கிலோ, கறுப்பு சைக்கிள் 20 கிலோ. 20 லிட்டர் கேன் இரண்டு என்றால் பால் மட்டும் 41 கிலோ. கேன்களுக்கு 7 கிலோ. மோட்டார், பேட்டரி, பெட்டி எல்லாம் சேர்த்து 10 கிலோ. ஆக மொத்தம் 138 கிலோ.

இந்த எடையைச் சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், மிதிக்காமல் இழுத்துச் செல்ல, பேட்டரியில் இருந்து கி.மீ.க்கு ஏறத்தாழ 10 வாட் ஹவர் மின்சாரம் செலவாகும். (1,000 வாட் ஹவர் என்பது நம் மின்கட்டண அட்டையில் உள்ள ஒரு யூனிட்.) திரும்பும்போது கேன் காலிதான் என்றாலும் எதிர்காற்று, கப்பிச் சாலை, ஏரிக்கரை ஏற்றம் ஆகியவற்றுக்கும் சேர்த்துக் கி.மீ.க்கு 12 என்று வைத்துக்கொள்வது நல்லது. நீங்களும் கூடவே மிதித்தால் பாதி வரை மிச்சமாகும். ஆனால் மிதிப்பதை நம்பி பேட்டரியைச் சிறியதாக வாங்காதீர்கள். காய்ச்சலோடு போக வேண்டிய நாளும் வரும்.

சொசைட்டி 6 கி.மீ. தொலைவு என்றால், இரண்டு வேளையும் போய்வர 24 கி.மீ. அதை 12ஆல் பெருக்கினால் 288 வாட் ஹவர். பேட்டரியை அடிவரை காலி செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால், இந்த 288 என்பது பேட்டரியின் கொள்ளளவில் 80 சதவீதமாக இருக்க வேண்டும். அப்படியானால் 360 வாட் ஹவர் தேவை. சில ஆண்டுகளில் எந்த பேட்டரியும் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அந்த நாளிலும் அதே 24 கி.மீ. ஓட வேண்டும் என்றால் இன்றைக்கு 450 வாட் ஹவராவது வாங்க வேண்டும்.

பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் வாட் ஹவர் கிடைத்துவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 360. '20 ஆம்பியர் பேட்டரி சார்' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். அது 12 வோல்ட்டாக இருந்தால் வெறும் 240தான். இரண்டு கடை விலைகளை ஒப்பிடும்போதும் விலையை வாட் ஹவரால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்பது உடனே தெரியும்.

மதியம் வீட்டில் சார்ஜ் போட வசதி இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறிய பேட்டரி போதும். ஆனால் ரொம்பச் சிறியதாக்கினால் ஒவ்வொரு செல்லில் இருந்தும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடி, பேட்டரி சூடாகும்.

250 வாட்டுக்கு மேல் போகாதீர்கள்

'500 வாட், 750 வாட் போட்டால் மலையே ஏறும்' என்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, அதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்துச் சான்றளித்திருந்தால்தான் அந்த வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. அதைத் தாண்டினால் பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும். எனவே கிட் வாங்கும்போதே சான்றின் நகலைக் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் வேலைக்கு 250 வாட்டே போதும். மேலே சொன்ன 138 கிலோவைச் சமதளத்தில் 18 கி.மீ. வேகத்தில் நகர்த்தச் சக்கரத்தில் தேவைப்படுவது சுமார் 135 வாட்தான். ரயில்வே மேம்பாலம் மாதிரியான ஏற்றத்தில் வேகத்தை 10 கி.மீ.க்குக் குறைத்துக்கொண்டால் 200 வாட் சொச்சம். கூடவே கொஞ்சம் மிதித்தால் ஏறிவிடும். நம் மோட்டார்கள் புகைவது பெரும்பாலும் வாட் குறைவால் அல்ல, தவறான சுழற்சி வேகத்தால்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடலாம். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும் மோட்டாரை அதில் மாட்டினால், சுமையில்லாதபோது மணிக்கு 26 கி.மீ. வேகம், சுமையோடு 20 கி.மீ. அளவில் நிதானமாக ஓடும். அதே 250 வாட் மோட்டார் 20 அங்குலச் சிறிய சக்கரங்களுக்காக 300 சுற்றுக்கு மேலும் செய்யப்படுகிறது. பெட்டியும் விலையும் ஒன்றுபோலவே இருக்கும். அதை 28 அங்குலச் சக்கரத்தில் கோத்தால் 40 கி.மீ. வேகத்துக்குப் போகத் துடிக்கும். சுமையோடு அதை எட்டவே முடியாமல், இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிக் காயிலைச் சுட்டுவிடும். முதல் கியரில் ஏற வேண்டிய மேட்டில் டிராக்டரை டாப் கியரில் ஏற்றுவது போலத்தான் இது. ஆகவே வாட்டைக் கேட்பதற்கு முன் 'ஆர்.பி.எம். எவ்வளவு?' என்று கேளுங்கள்.

எந்த வகை மோட்டார்?

சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரில் இரண்டு வகை உண்டு. தட்டு போல அகலமாக, 5 கிலோவுக்கு மேல் கனப்பது நேரடியாகச் சுழலும் வகை. மெதுவாக ஏற்றம் ஏறும்போது இது வீணாகச் சூடாகும்; பேட்டரி தீர்ந்து மிதிக்க நேர்ந்தால் காந்தம் பின்னுக்கு இழுக்கும். உள்ளே பல் சக்கரங்கள் கொண்ட 'கியர் ஹப்' சிறியது, சுமார் 3 கிலோ. புறப்படும்போது நல்ல இழுப்பு தரும்; மின்சாரம் இல்லாதபோது சாதாரண சைக்கிள் போல உருளும். அதனுள் இருக்கும் நைலான் பற்கள் பல ஆண்டுகளில் தேயும். அவற்றை மட்டும் மாற்றலாம். பால், கீரை, புல் என்று சுமப்பவர்களுக்கு இதுவே ஏற்றது.

முன் சக்கரத்தில் மாட்டுவது எளிது என்பார்கள். சுமை முழுவதும் பின் கேரியரில் இருக்கும்போது முன் சக்கரத்தில் எடை குறைவு. மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் அது இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுற்றும், கைப்பிடி திரும்பிவிடும். சுமை ஏற்றுபவர்கள் பின் சக்கரத்திலேயே மாட்டுங்கள்.

இன்னொன்று, பட்டறைகளில் அதிகம் மாட்டித் தரும் 24 வோல்ட் 250 வாட் வெளி மோட்டார். சட்டத்தில் தகடு வெல்டிங் வைத்து, தனிச் செயின் மூலம் பின் சக்கரத்தை இழுக்கும். விலை குறைவு, பழைய சக்கரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம், உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சேர்ப்பார். பல் சக்கரத்தை மாற்றி இழுப்பைக் கூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு: மோட்டாரில் 9 பல், சக்கரத்தில் 18 பல் என்றால் சுமார் 18 கி.மீ. வேகத்தில் நிற்கும். ஆனால் சத்தம் போடும், செயினில் புழுதி சேரும், கார்பன் பிரஷ் தேயும், மழைக்கு மூடி வேண்டும். காசு குறைவாக உள்ளவர்கள் இதில் தொடங்குவதில் தவறில்லை.

பெடல் அச்சில் மாட்டும் நடு மோட்டார் அருமையானதுதான். ஆனால் அதன் பலன் பல கியர் உள்ள சைக்கிளில்தான் கிடைக்கும். ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு அது வீண் செலவு.

பழைய சைக்கிளில் மாட்டும் முன்

நம் கறுப்பு சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பிகள். ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் 36 துளைகளே இருக்கும். எனவே பழைய ரிம் உதவாது. 36 துளை ரிம்மில் கோத்துத் தரும் கிட்டாகக் கேளுங்கள். பின் சக்கர மோட்டாருக்குச் சட்டத்தின் இரு கால்களுக்கும் நடுவே 135 மி.மீ. இடைவெளி வேண்டும். பழைய சைக்கிளில் அது குறைவாக இருக்கும் என்பதால், வாங்கும் முன் அளந்துவிடுங்கள். கொஞ்சம் விரிக்கலாம், அதை வெல்டிங் பட்டறையில் நேர்பார்த்துச் செய்ய வேண்டும், கடப்பாரையால் அல்ல.

ரிம் மாறினால் பிரேக்கும் மாறும் என்பதைப் பலர் வண்டி ஓடிய பிறகுதான் கவனிக்கிறார்கள். கம்பி பிரேக்கின் கட்டைகள் அதற்கென்றே வளைந்த ரிம்மின் உட்புறத்தில் அழுத்துபவை. புது ரிம்மில் அவை பிடிக்காது. கேபிள் பிரேக்குக்கு மாறுங்கள். கிட்டோடு வரும் பிரேக் பிடியை அழுத்தினால் மோட்டாரும் உடனே நிற்கும். 138 கிலோ உருண்டு வரும்போது குறுக்கே ஆடு வந்தால், இந்தச் சின்ன சுவிட்ச்தான் காப்பாற்றும். அதை இணைக்காமல் விடும் மெக்கானிக்கிடம் வண்டியை எடுக்காதீர்கள். அச்சு சுழன்று கழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்புத் தகடும் அவசியம் வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் சும்மா நிற்கிறதே என்பவர்களுக்கு: ஓர் ஆளும் 10 லிட்டர் கேனும் என்றால் சரி. இரண்டு பெரிய கேன்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

பேட்டரி: பணமும் இங்கே, ஆபத்தும் இங்கே

மொத்தச் செலவில் பாதியை நெருங்குவது பேட்டரிதான். ஈய அமில பேட்டரி மலிவு. ஆனால் 36 வோல்ட்டுக்கு மூன்று வைத்தால் 12 கிலோ கனக்கும். பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஓரிரு ஆண்டுகளில் போய்விடும். லித்தியத்தில் என்.எம்.சி., எல்.எப்.பி. என்று இரண்டு. என்.எம்.சி. எடை குறைவு, எல்.எப்.பி. கொஞ்சம் கனம், ஆனால் வெயிலைத் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்கும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்கு எல்.எப்.பி.யே என் சிபாரிசு. 36 வோல்ட் என்று விற்கப்படும் 12 செல் எல்.எப்.பி.யின் உண்மையான அளவு 38.4 வோல்ட்; 12 ஆம்பியர் ஹவருக்கு 460 வாட் ஹவர். நம் பால்காரரின் கணக்குக்குச் சரியாக இருக்கும்.

போலி பேட்டரியைக் கண்டுபிடிக்க நமக்குத் தெரிந்த வழியே உண்டு: தராசில் வையுங்கள். அந்த அளவு எல்.எப்.பி.யில் செல்கள் மட்டுமே சுமார் மூன்றரை கிலோ வரும். பெட்டியோடு சேர்த்து மூன்று கிலோகூட இல்லை என்றால், ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியர் உள்ளே இல்லை.

செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற பலகை கட்டாயம். அது தாங்கும் ஆம்பியர், கன்ட்ரோலர் இழுக்கும் ஆம்பியரைவிட அதிகமாக இருக்க வேண்டும். கன்ட்ரோலர் 15 என்றால் பி.எம்.எஸ். 20 ஆவது இருக்கட்டும்.

சார்ஜரை மாற்றிப் போடவே கூடாது. முழுதும் ஏறிய 36 வோல்ட் என்.எம்.சி. 42 வோல்ட், 12 செல் எல்.எப்.பி. 43.8 வோல்ட். செருகி ஒன்றுபோல இருக்கிறதே என்று எல்.எப்.பி. சார்ஜரை என்.எம்.சி.யில் போட்டால் தீ விபத்தில் முடியலாம். ஈய பேட்டரி சார்ஜரையும் லித்தியத்துக்குப் போடாதீர்கள். இரண்டு வண்டி உள்ள வீட்டில் சார்ஜர்களுக்கு வெவ்வேறு வண்ண டேப் ஒட்டிவையுங்கள்.

வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், கூரை வீடு, படுக்கும் அறை, இவை எதிலும் சார்ஜ் போடாதீர்கள். பகலில், ஆள் இருக்கும்போது, சிமென்ட் தரையில் வைத்துப் போடுங்கள். ஒரு முறை முழுதாக ஏற்ற அரை யூனிட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதை மிச்சம் பிடிக்க பம்ப்செட் இலவச இணைப்பில் மாட்டாதீர்கள்; அது பாசனத்துக்கு மட்டும் தரப்பட்டது, அங்கே வரும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் சார்ஜருக்கு ஆகாது.

மழையில் ஓட்டலாம். ஆனால் அச்சு மூழ்கும் தண்ணீரில் இறக்காதீர்கள். மாட்டைக் குளிப்பாட்டும் ஹோஸ் குழாயைச் சக்கரத்தின் மேல் பிடிக்காதீர்கள். வயர் இணைப்புகள் கீழ்நோக்கி இருக்கட்டும். முதல் 50 கி.மீ. ஓடியதும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் அச்சு நட்டுகளையும் ஒருமுறை முடுக்கிவிட்டு, அதன் பிறகு முழுச் சுமையை ஏற்றுங்கள்.