விளையாட்டும் வைத்தியமும்

விளையாட்டு வினையாகும் என்று நம் பெரியோர் எச்சரித்தார்கள். இன்றோ விளையாட்டே வைத்தியமாகி வருகின்றது. பக்கவாதத்தால் முடங்கிய கை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழகினாலன்றி மீள்வது அரிது. சலிப்பூட்டும் இப்பயிற்சியைக் கைவிடாதார் எத்தனை பேர்? இக்குறையை நீக்கவே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்னும் யந்திரத்தை அமைத்தன. நோயாளி கைப்பிடியை அசைக்க, திரையில் விளையாட்டு நடக்கிறது. அவருடைய சக்திக்கேற்ப அது எளிதாகவோ கடினமாகவோ மாறுகிறது. கண்ணில் அணியும் மெய்நிகர்க் கருவிகளின் தத்துவமும் இதுவே. யந்திரம் வைத்தியருக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

நகரத்துப் புதுமை கிராமத்துக்கு எட்டுமா என ஐயுறுவோர் தென்காசியை அடுத்த ஆய்குடியைப் பார்க்கட்டும். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இன்று அதன் பணியாளர்கள் கைபேசிச் செயலியின் துணையோடு, வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் இல்லங்களுக்கே சென்று பயிற்சியளிக்கின்றனர்.

தனியார் சங்கம் செய்ததை அரசாங்கம் செய்யலாகாதா? 2016-ஆம் வருஷத்துச் சட்டம், மறுவாழ்வுப் பணியை அரசாங்கத்தின் கடமையாக்கியது. ஆனால் ‘பொருள் வசதிக்குட்பட்டு’ என்றும் கூறிவைத்தது. அவ்வாசகம் தட்டிக்கழிக்கும் வாயிலாகிவிடக் கூடாது. பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, பொருநைக் கரையின் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இத்தகைய பயிற்சி கிடைக்கவேண்டும். பொதுநல ஊழியர்கள் இதனைச் சட்டசபை அங்கத்தினரிடம் வற்புறுத்துவார்களாக. நாம் வேண்டுவது தருமம் அன்று, உரிமை.