அரிவாள் செல் சோகையும் ஓயாத வலியும்

சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்னும் அமினோ அமிலம் அமைந்துவிடுவதே அரிவாள் செல் சோகையின் மூலகாரணம். இந்த ஒரு மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிவிட, வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருந்த சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்து நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளுக்குள் அழிவதால் சோகை உண்டாகிறது. எனினும் நோயாளியை அதைவிட அதிகம் வாட்டுவது வலியே.

குழாய் அடைபட்டு எலும்பும் தசையும் ஆக்சிஜனின்றித் தவிக்கும்போது திடீரென மூளும் கடும் வேதனையை மருத்துவர்கள் வலி நெருக்கடி என்பர். கைக்குழந்தைக்குக் கை கால் விரல்கள் வீங்குவதில் தொடங்கும் இவ்வலி, வளர்ந்தபின் முதுகிலும் மார்பிலும் தொடையிலும் குடைகிறது. குளிர், காய்ச்சல், கடும் உழைப்பு, உடலில் நீர்ச்சத்துக் குறைவு ஆகியவை அதைத் தூண்டுகின்றன. நெருக்கடி சில நாட்களில் தணிந்தாலும், அது திரும்பத் திரும்ப வருகையில் இரத்தம் கிடைக்காத தொடையெலும்பின் பந்துமுனை சிதைந்து நடையே மாறிவிடுவதுண்டு. நரம்புகளும் கூருணர்வு பெற்றுவிடுவதால், அடைப்பு எதுவும் இல்லாத நாளிலும் வலி நீடிக்கிறது. இதுவே நாட்பட்ட வலி.

இந்தியாவில் இந்நோய்க்குக் காரணமான மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடையே. லெமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 1952இல் அதை வெளியிட்டனர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவருக்கு மலேரியாவின் கொடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைத்ததால், மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இது நிலைத்தது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கோ அதுவே நோயாகிறது. நீலகிரியில் மழையில் நனைந்தபடி தேயிலை பறித்தாலொழியக் கூலியில்லை என்னும் நிலையிலுள்ள இந்நோயாளி ஒருவரிடம், வலியைத் தவிர்க்கக் குளிரில் போகாதே, உடலை வருத்தாதே என்னும் அறிவுரை எவ்வளவு தூரம் பயன்படும்?

வலியை அளக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. சிறுவயது முதல் அதனோடு பழகியவர் கதறுவதில்லை, கைப்பேசியைப் பார்த்தபடி அமைதியாகப் படுத்திருக்கக்கூடும். அதைக் கண்டு, மருந்துக்காக நடிக்கிறார் என்று ஐயுறுவது பெரும் அநீதி. உலகெங்கும் இந்நோயாளிகள் சொல்லும் குறை இதுதான்.

கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபினை மீண்டும் பெருகச் செய்யும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை, அணுக்கள் வளைவதைத் தடுத்து நெருக்கடிகளைக் குறைக்கிறது. எனினும் அதை நாள்தோறும் விழுங்கி, அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை மலைக்கிராமத்துக்கு இன்னும் எட்டாத விலையில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டது. அதில் நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையும் வலிநிவாரணியும் ஊருக்கு அருகிலேயே தடையின்றிக் கிடைப்பதும் அதே அளவு அவசரம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் மாற்றுத்திறனாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆயினும் பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று வேண்டும். முந்தைய வாரம் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவர், அந்தச் சான்றுக்கான சோதனை நாளன்று தன் காலாலேயே நடந்து வந்து மருத்துவர் முன் நிற்கக்கூடும்.